ஆடினால் என்ன குற்றம்?

"ஆட்டம் போடவா பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம்?" என்று கேட்கும் தந்தைமார் நம்மில் ஏராளம். எட்டு மணி நேரம் ஆலையில் நின்று, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவனுக்கு இப்படிக் கேட்க உரிமை உண்டு. தான் படிக்காத படிப்பை மகன் படிக்க வேண்டும், தான் உட்காராத நாற்காலியில் மகள் உட்கார வேண்டும் என்பதற்காக அல்லவா அவன் வியர்வை சிந்துகிறான்? கணக்கும் விஞ்ஞானமும் கற்க வேண்டிய நேரத்தில் கையை ஆட்டு, காலை ஆட்டு என்றால் அவனுக்குச் சினம் வராதா?

வரும். வரட்டும். சினம் தணிந்த பிறகு அந்தத் தோழர் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆயிரமாயிரமாகப் பணம் கட்டிப் படிக்கும் சீமான் வீட்டுப் பிள்ளைக்கு நடன ஆசிரியர் இருக்கிறார். அதற்கென்று தனி மண்டபம் இருக்கிறது. அங்கே யாரும் அதை வீண் வேலை என்று சொல்வதில்லை. 'ஆளுமை வளர்ச்சி' என்று அழகான பெயர் சூட்டிக் கட்டணமும் வாங்குகிறார்கள். செல்வர் பிள்ளைக்குக் கல்வியாக இருப்பது, கூலிக்காரன் பிள்ளைக்கு மட்டும் கூத்தாகிவிடுமா?

ஏட்டுச் சுரைக்காயை நறுக்கி இதற்கு விடை சொல்ல நாம் விரும்பவில்லை. புகைபோக்கிகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த இங்கிலாந்தில், தொழிலாளியின் பிள்ளைகள் படித்த பள்ளிகளிலேயே இந்தச் சோதனை நடந்திருக்கிறது. அதில் வெற்றி உண்டு, தோல்வி உண்டு, வெட்கித் தலைகுனிய வேண்டிய அத்தியாயமும் உண்டு. மூன்றையும் மூடி மறைக்காமல் பார்ப்போம்.

கட்டளைக்குப் பழக்கிய கால்கள்

இங்கிலாந்தில் 1870-இல் ஒரு கல்விச் சட்டம் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு தர வேண்டும் என்று ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. நல்ல காரியந்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் உடலுக்கு என்ன கற்பித்தார்கள்? 1871-இல் வந்த விதி, பையன்களுக்கு இராணுவ டிரில் சொல்லிக் கொடுக்கும் நேரத்தையும் வருகைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்தது. 'வரிசையில் நில். இடது, வலது. திரும்பு. நில்.' இதுதான் பாடம்.

சீமான் பிள்ளைக்குத் தனிப்பள்ளியில் பரந்த மைதானம், பந்து, மட்டை. ஏழைப் பிள்ளைக்குச் சிமெண்டு முற்றமும் டிரில் சார்ஜெண்டின் குரலும். இது தற்செயலா? ஆலைக்கு வேண்டியது மணி அடித்ததும் நிற்கும் கால். படைக்கு வேண்டியது கட்டளை கேட்டதும் நகரும் கால். இரண்டும் கேட்டதைப் பள்ளிக்கூடம் தயாரித்துக் கொடுத்தது.

அந்த டிரில் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஊதலும் பிரம்புமாக நின்ற டிரில் மாஸ்டரை அறியாத தலைமுறை நம்மிடம் உண்டா? உடற்பயிற்சி கெட்டது என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்கும் வேண்டும், உடல் உறுதியும் வேண்டும். ஆனால் அடுத்தவன் சொன்னபடி மட்டுமே அசையப் பழகிய உடல், தானாக ஓர் அசைவையும் உண்டாக்கத் தெரியாத உடலாகவே வளர்ந்துவிடும். அதுதான் வழக்கு.

படைத்தலைவர் பெற்ற பிள்ளை

இந்த வழக்கை உலகத்தின் முன் வைத்தவர்களில் முதன்மையானவர் ருடால்ஃப் லாபான். 1879-இல், அன்றைய ஆஸ்திரிய - ஹங்கேரிப் பேரரசில், இன்று பிராட்டிஸ்லாவா என்று வழங்கும் நகரில் பிறந்தவர். தந்தை பேரரசின் உயர்ந்த படை அதிகாரி. மகனும் வாளேந்துவான் என்று எதிர்பார்த்தார். மகனோ ஆட்டத்தைத் தேடிப் போனார்.

1920-களில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் லாபான் ஒரு புதுமை செய்தார். பலர் கூடிப் பாடினால் கூட்டிசை; பலர் கூடி அசைந்தால்? அதற்கு 'அசைவுக் குழு' என்று பெயர் வைத்தார். அதில் நட்சத்திர நடிகை இல்லை. முதல் வரிசை, கடைசி வரிசை என்ற பேதம் இல்லை. பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வரும் சாதாரண மக்களே ஆடினார்கள். அவருடைய சீடர் மார்ட்டின் கிளைஸ்னர் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். தொழிலாளர்களைத் திரட்டி இத்தகைய குழுக்களை நடத்தினார். 1928-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே போதும்: 'எல்லோருக்கும் ஆட்டம்'.

1929-இல் வியன்னா நகரில் கைத்தொழில்களின் பெரும் ஊர்வலம் ஒன்றை அமைக்கும் பொறுப்பு லாபானிடம் வந்தது. சுமார் 10,000 பேர் கலந்துகொண்ட ஊர்வலம் அது. ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய அசைவை அந்தத் தொழில் செய்கிறவர்களிடமே கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டார். செருப்புத் தைப்பவன் நூல் இழுக்கும் வீச்சில் ஒரு தாளம் இருக்கிறது. கொல்லன் சம்மட்டி ஓங்குவதில் ஒரு தாளம் இருக்கிறது. உழைப்பவனின் உடலில் ஆட்டம் ஏற்கனவே குடியிருக்கிறது என்பதை அவர் கண்ணால் கண்டுகொண்டார்.

வெட்கப்பட வேண்டிய அத்தியாயம்

இனி வருவது கசப்பு. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். லாபான் அப்போது பெர்லின் அரசு இசைநாடக அரங்கின் நடனப் பொறுப்பாளர். அந்த அரங்கின் குழந்தைகள் நடன வகுப்பிலிருந்து யூதக் குழந்தைகள் நீக்கப்பட்டார்கள். அவர் பதவியைத் துறக்கவில்லை. 1934 முதல் கோயபல்சின் பிரசார அமைச்சகத்தின் கீழ் நடன விழாக்களை நடத்தினார். எல்லோருக்கும் ஆட்டம் என்று தொடங்கிய இயக்கத்தின் தலைவர், சில குழந்தைகளுக்கு மட்டும் ஆட்டம் இல்லை என்று சொன்ன ஆட்சிக்கு ஊழியம் செய்தார். இதை எந்தப் புகழுரையாலும் கழுவிவிட முடியாது.

1936-இல் ஒலிம்பிக் பந்தயங்களை ஒட்டிப் பெர்லினின் திறந்தவெளி அரங்கில் பெருங்கூட்ட நடனம் ஒன்றை ஏற்பாடு செய்தார். பல நகரங்களிலிருந்து சுமார் ஆயிரம் பேர் வந்தார்கள். ஒத்திகையைப் பார்த்த கோயபல்ஸ் அதைத் தடை செய்தான். ஏன்? ஆயிரம் பேர் ஒரே தலைவனை நோக்கிக் கை நீட்டுவது அவனுக்கு வேண்டும். ஆயிரம் பேர் ஒருவரையொருவர் நோக்கி அசைவது அவனுக்கு வேண்டாம். லாபானின் செல்வாக்கு அத்தோடு சரிந்தது. 1937-இல் நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிஸ் போனார். 1938-இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

தோழர்களே, இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பல்லாயிரம் உடல்கள் ஒன்றாக அசைவது நல்லதற்கும் ஆகும்; நாசத்துக்கும் ஆகும். பிள்ளைகளை ஆட வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கைதட்டிவிடக் கூடாது. அசைவைத் தீர்மானிப்பவர் யார், சேர்த்துக்கொள்ளப்படாத பிள்ளை யார் என்று கேட்க வேண்டும்.

டயர் தூக்கிய பெண்கள்

இங்கிலாந்தில் லாபானுக்கு அடைக்கலம் தந்த இடம் டெவன் மாவட்டத்தின் டார்ட்டிங்டன் ஹால். அதை நடத்திய லியனார்டு எல்ம்ஹர்ஸ்ட், 1920-களில் நம் ரவீந்திரநாத் தாகூரோடு ஸ்ரீநிகேதனில் கிராமப்பணி செய்தவர். சாந்திநிகேதனில் பாட்டும் ஆட்டமும் படிப்பின் பகுதியாக இருந்ததைக் கண்ணால் பார்த்தவர். வங்காளத்தில் கற்ற பாடம் டெவன் வரை போய்ச் சேர்ந்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். ஆண்கள் செய்த கனத்த வேலைகள் பெண்கள் தோளில் விழுந்தன. அப்போது எஃப். சி. லாரன்ஸ் என்ற தொழில் ஆலோசகர் லாபானைத் தொழிற்சாலைகளுக்கு அழைத்துப் போனார். ஓரிடத்தில் பெண்கள் கனமான டயர்களைத் தூக்க வேண்டியிருந்தது. ஆணைப் போலத் தோள் வலிமையால் தூக்கினால் முதுகு முறியும். லாபான் பார்த்தார். உடல் எடையை ஊஞ்சல்போல ஆடவிட்டு, அந்த ஆட்டத்தின் வேகத்திலேயே டயரை ஏற்றிவிடக் கற்றுக் கொடுத்தார். மார்ஸ் மிட்டாய் ஆலையில் கட்டிச் சுற்றும் பெண்களின் கையசைவையும் ஆராய்ந்தார்.

அதற்கு முன்பே அமெரிக்காவில் டெய்லர் என்பவர் கடிகாரத்தோடு தொழிலாளியின் பின்னால் நின்றவர். எத்தனை விநாடி என்பதே அவர் கணக்கு. லாபான் கேட்டது வேறு கேள்வி. இந்த அசைவு இந்த உடலுக்கு ஒத்துவருகிறதா? நாள் முழுவதும் ஒரே பக்கம் அசைந்த உடலுக்கு மறுபக்க அசைவு கிடைக்கிறதா? வெறுமே உட்கார்ந்திருப்பதைவிட, எதிர்த்திசை அசைவே பல நேரங்களில் நல்ல ஓய்வு என்றார். அழுத்தி அழுத்திச் சலித்த கைக்கு லேசாக மிதக்கும் அசைவு மருந்து.

நம் தோழர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: "சரி ஐயா, வேலை எளிதானது, உற்பத்தி கூடியது. லாபம் யார் பைக்குப் போனது?" நியாயமான கேள்வி. முதலாளி பைக்குத்தான் போனது. ஆலோசகரை அழைத்தவனும் முதலாளிதான். ஆகவே அறிவு மட்டும் போதாது; அந்த அறிவின் பலனைப் பங்கு கேட்கச் சங்கமும் வேண்டும். ஆனால் கத்தி அடுத்தவன் கையில் இருக்கிறது என்பதற்காகக் கத்தியே வேண்டாம் என்று சொல்வோமா?

எட்டு அசைவு

1947-இல் லாபானும் லாரன்ஸும் சேர்ந்து நூல் எழுதினார்கள். அதன் சாரத்தை எந்தத் தொழிலாளியும் கைவிரலில் எண்ணிவிடலாம். ஒவ்வோர் அசைவுக்கும் மூன்று கேள்வி: பலமா, லேசா? திடீரென்றா, நிதானமாகவா? நேராகவா, வளைந்து நெளிந்தா? மூன்று கேள்விக்கும் இரண்டிரண்டு விடை. பெருக்கினால் எட்டு.

பலமாக, திடீரென்று, நேராக: குத்து. நிதானமாக, பலமாக, நேராக: மூட்டை வண்டியைத் தள்ளும் அழுத்தம். பலமாக, திடீரென்று, வளைந்து: புதர் வெட்டும் வீச்சு. பலமாக, நிதானமாக, நெளிந்து: ஈரத்துணியைப் பிழியும் முறுக்கு. லேசாக, திடீரென்று, நேராக: தட்டச்சு விசையின் மேல் விழும் தட்டு. லேசாக, திடீரென்று, வளைந்து: சட்டையில் ஒட்டிய பஞ்சைச் சுண்டிவிடும் சுண்டு. லேசாக, நிதானமாக, நேராக: இழைத்த பலகையைத் தச்சன் தடவிப் பார்க்கும் வழுக்கல். லேசாக, நிதானமாக, வளைந்து: காற்றில் பஞ்சு போகும் மிதப்பு.

ஆலையில் படித்த இந்தப் பாடத்தை 1948-இல் லாபான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். கல்வியில் புதுமுறை நடனம் பற்றிய அவருடைய நூல் அந்த ஆண்டில் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1946-இல், அவருடைய உடனுழைப்பாளர் லீசா உல்மன் மான்செஸ்டரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கூடத்தைத் தொடங்கிவிட்டார். மான்செஸ்டர் எந்த ஊர் என்று நம் பஞ்சாலைத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பில் என்ன நடந்தது?

'நான் செய்வதைப் பார்த்துச் செய்' என்று ஆசிரியர் ஆடிக்காட்டவில்லை. "கூடத்தில் காலியாக இருக்கும் இடத்துக்கு ஓடுங்கள், ஒருவர்மீது ஒருவர் மோதக் கூடாது" என்றார். "தரையைக் கால்களால் அழுத்தி நடந்து பாருங்கள். இப்போது தரை கொதிக்கிறது என்று நினைத்து நடந்து பாருங்கள். இருவராகச் சேருங்கள், ஒருவர் குத்தும்போது மற்றவர் மிதக்கட்டும்" என்றார். விடையைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது பிள்ளைக்கு நாற்பது விடை, நாற்பதும் சரி.

இதற்கு வேண்டிய கருவி என்ன? வெறும் கூடம், வெறுங்கால், ஒரு தட்டுமேளம். சலங்கை வேண்டாம், பட்டு வேண்டாம், அரங்கேற்றச் செலவு வேண்டாம். கணக்கில் தோற்ற பிள்ளையும், எழுத்தில் திணறிய பிள்ளையும், 'உனக்கு ஒன்றும் வராது' என்று கேட்டுக் கேட்டுக் கூனிப் போன பிள்ளையும் இங்கே நிமிர்ந்து நிற்க முடிந்தது.

பர்மிங்ஹாம் நகரில் ஆலைகள் சூழ்ந்த ஏழைப் பகுதியில் ஸ்டூவர்டு தெருப் பள்ளி இருந்தது. ஆர்தர் ஸ்டோன் என்பவர் போர்க்காலத்தில் அதன் தலைமையாசிரியர். அழுக்கும் இரைச்சலுமான சூழலில் வளரும் பிள்ளைகளுக்கு அவர் அசைவையும் நாடகத்தையும் ஓவியத்தையும் முதலில் கொடுத்தார். அந்த வழியே தன்னம்பிக்கையும் கவனமும் வந்தன. படிப்பும் எழுத்தும் அவற்றைத் தொடர்ந்து வந்தன. இந்த அனுபவத்தைக் கல்வி அமைச்சகமே 1949-இல் 'ஒரு பள்ளியின் கதை' என்ற சிறுநூலாக அச்சிட்டு நாடெங்கும் அனுப்பியது. யார்க்ஷயரின் மேற்குப் பகுதி, சுரங்கமும் கம்பளி ஆலையும் நிறைந்த மண். அங்கே 1945 முதல் 1974 வரை கல்வி அதிகாரியாக இருந்த அலெக் கிளெக், தொழிலாளர் பிள்ளைகளின் பள்ளிகளில் கலைக்கும் அசைவுக்கும் உரிய இடம் வாங்கித் தந்தார். அலுவலகத்தில் உட்கார்ந்து சுற்றறிக்கை மட்டும் அனுப்பியவர் அல்லர் அவர். பள்ளி பள்ளியாகப் போனவர்.

எங்கே சறுக்கியது?

இவ்வளவு நல்ல காரியம் ஏன் நிலைத்து ஓங்கவில்லை? காரணம் மூன்று.

முதலாவது, பெண்பிள்ளைகள் ஆடினார்கள்; ஆண்பிள்ளைகள் பந்து விளையாடப் போனார்கள். ஆண்களின் உடற்பயிற்சிக் கல்லூரிகள் ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிப் பிள்ளைகளை வெளியே விட்ட இயக்கம் பாதிக் காலில் நொண்டியது.

இரண்டாவது, அரைகுறைப் பயிற்சி. சில நாள் வகுப்புக்குப் போய் வந்த ஆசிரியர், "மரமாக இருங்கள், காற்றாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு மணி அடிக்கும்வரை காத்திருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கற்பிக்கத் தெரியாதவர்களோ பிள்ளைகளைக் கோணல் என்றார்கள்.

மூன்றாவது, 1988-இல் வந்த கல்விச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு தேசியப் பாடத்திட்டம் உருவானபோது, இசைக்கும் ஓவியத்துக்கும் தனிப்பாடம் என்ற இடம் கிடைத்தது. ஆட்டமோ உடற்பயிற்சிக்குள் ஒரு மூலையில் ஒடுங்கியது. சொந்த நாற்காலி இல்லாத விருந்தாளியை, பணமுடை வந்தால் முதலில் எழுப்பிவிடுவார்கள் அல்லவா?

பஸ் பணிமனையில் 250 பிள்ளைகள்

பள்ளிக்கூடம் கைவிட்டதை ஊர் கையில் எடுத்தது. 1970-களிலிருந்து பிரிட்டனில் 'சமுதாய நடனம்' வளர்ந்தது. அதில் ராய்ஸ்டன் மால்டூம் பெயர் பெரிது. 1996-இல் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில், தெருவில் வாழ்ந்த பிள்ளைகள் நூற்றுக்கும் மேற்பட்டோரைத் திரட்டி மேடையேற்றியவர்.

அவரைப் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு அழைத்தது. உலகத்தின் தலைசிறந்த இசைக்குழுக்களில் ஒன்று. 2002 முதல் 2018 வரை சைமன் ராட்டில் அதன் தலைமை நடத்துநராக இருந்தார். சீமான்கள் விலை கொடுத்துக் கேட்கும் அந்த இசைக்கு, பெர்லின் பள்ளிகளின் சுமார் 250 பிள்ளைகள் ஆட வேண்டும் என்பது திட்டம். 25 நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். பலர் ஏழைகள். ஆட்டத்தை அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள். எடுத்துக்கொண்ட இசையோ ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு'. 1913-இல் பாரிஸில் முதன்முதல் மேடையேறிய இரவில் அரங்கையே கலவரக் கூடமாக்கிய இசை அது.

2003 ஜனவரியில் ஆடிய இடம் எது தெரியுமா? பளிங்கு மண்டபம் அல்ல. டிரெப்டோ பகுதியில் ஒரு காலத்தில் பஸ் பணிமனையாக இருந்த பெருங்கூடம்.

ஒத்திகை எளிதாக நடக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த ஆவணப் படம் அதைக் காட்டுகிறது. பிள்ளைகள் சிரித்தார்கள், பேசினார்கள், அலுத்துக்கொண்டார்கள். மால்டூம் விடவில்லை. முதலில் அசையாமல் நிற்கக் கற்றுக் கொடுத்தார். இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா என்று பள்ளி ஆசிரியர்களே தயங்கினார்கள். 'பாவம், இவ்வளவுதான் இவர்களால் முடியும்' என்ற இரக்கத்தை அவர் ஏற்கவில்லை. ஏழைப் பிள்ளைமேல் கோபப்படுகிறவன் ஒரு தீங்கு செய்கிறான். அவனிடம் எதையும் எதிர்பார்க்காதவன் அதைவிடப் பெரிய தீங்கு செய்கிறான். பிறகு நடந்தது என்ன? கூடம் நிறைந்த மக்களின் முன்னே, உலகப் புகழ் இசைக்குழு வாசிக்க, அந்தப் பிள்ளைகள் ஆடி முடித்தார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

'ஆட்டக்காரன்' என்ற சொல்லை வசவாக்கி வைத்திருக்கும் சமுதாயம் நம்முடையது. உழைப்பவன் களைப்புத் தீர ஆடியதை இழிவு என்றார்கள். அதையே மேடையேற்றிச் சீட்டு விற்றபோது கலை என்றார்கள். அந்த வசவை நம் வாயாலேயே நம் பிள்ளைமேல் எறியலாமா?

ஆண்டு விழாவுக்கு இருபது பிள்ளைகளைப் பொறுக்கி, சினிமாப் பாட்டுக்குத் தயார் செய்து, மீதிப் பிள்ளைகளைக் கைதட்ட உட்கார வைப்பது நாம் சொல்லும் கல்வி அல்ல. பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் தோழர்கள் ஐந்து கேள்வி கேட்கலாம். வகுப்பில் இருக்கும் அத்தனை பிள்ளைக்கும் ஆட்டம் உண்டா? ஆணும் பெண்ணும் சேர்ந்து கற்கிறார்களா? உடல் ஊனமுற்ற பிள்ளைக்கு அதில் இடம் உண்டா? ஆசிரியருக்கு முறையான பயிற்சி தந்தார்களா? அசைவைப் பிள்ளை தானாக உண்டாக்க இடம் கொடுக்கிறார்களா?

இது கணக்குக்குப் போட்டி அல்ல. கணக்குப் பாடத்தைக் குறைக்கச் சொல்லி எவரும் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு வெற்றுக் கூடம், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர். கேட்பது இவ்வளவே.

நம் பாட்டன் குனிந்து நின்றான். நம் தந்தை வரிசையில் நின்றான். நம் பிள்ளை தன் காலில் நிற்க வேண்டும். நினைத்த திசையில் அந்தக் காலை வைக்கவும் வேண்டும். அதற்குப் பழகும் இடம் பள்ளிக்கூடம். அங்கே அவன் ஆடட்டும், அவளும் ஆடட்டும்!